வாத்தியாரின் வலது கால்

மார்ச் 7, சனி

புது வண்டி வந்துவிட்டது. சாம்பல் நிறம். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை, உட்கார்ந்தால் பிஸ்கட் பாக்கெட்டுக்குள் உட்கார்ந்தது போலச் சத்தம் வருகிறது.

பழைய வண்டி போன மாதம் நடுரோட்டில் படுத்துவிட்டது. எந்த வண்டி வாங்குவது என்ற வழக்கை விசாரித்தவள் என் மகள். வயது பதின்மூன்று. வீட்டில் யாருக்கு யாரோடு சண்டை என்றாலும் நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதால் அவளுக்கு நீதிபதி என்று பெயர். மோதல் சோதனையில் எதற்கு எத்தனை நட்சத்திரம் என்று தேடிப் பார்த்து, அவள் அப்பா ஆசைப்பட்ட இரண்டு வண்டிகளையும் தள்ளுபடி செய்துவிட்டாள்.

ஷோரூம்காரர் மூச்சு விடாமல் ஒப்பித்தார். சுற்றிலும் ஏர்பேக். குறுக்கே ஏதாவது வந்தால் தானே பிரேக் போடும். ரோட்டில் போட்ட கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கை மெல்ல இழுத்து உள்ளே விடும். கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும் வண்டியைக் கண்ணாடியில் விளக்குப் போட்டுக் காட்டிக்கொடுக்கும். டயரில் காற்றுக் குறைந்தால் அதையும் சொல்லும். கேட்கக் கேட்க என் கணவர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் நடத்துவது டிரைவிங் ஸ்கூல். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஓட்டப் பழகியவர்கள். கடைத்தெருவில் இறங்கினால் நாலு பக்கமும் "வாத்தியாரே" என்று குரல் வரும். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

"எல்லாத்தையும் அதுவே பண்ணிடும்னா டிரைவர் எதுக்கு? வண்டிக்குப் பேச்சுத்துணைக்கா?" என்றார்.

வீட்டு கேட்டுக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி பீப் பீப் என்று கத்தியது. தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது. "எனக்கேவா?" என்று டாஷ்போர்டைப் பார்த்துக் கேட்டார். அது இன்னொரு பீப் கொடுத்தது.

மார்ச் 9, திங்கள்

கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

டாக்டரம்மா மத்தியானம் கூப்பிட்டார். அவருடைய காது மூக்கு தொண்டை கிளினிக்கில் செவித்திறன் சோதனை எடுப்பது நான்தான். ஏரிக்கு அந்தப் பக்கம் புதிதாகக் குடியிருப்புகள் வந்திருக்கின்றன அல்லவா, அங்கே ஒரு கிளை திறக்கிறாராம், கேட்கும் திறன் சோதனைக்கு மட்டும். ஜூன் முதல் தேதி. "அதை நீங்க பாத்துக்கறீங்களா?" என்றார். பாத்துக்கறதா? முழுப் பொறுப்பும் என்னுடையது. என் அறை, என் சாவி.

வாரம் இரண்டு நாள் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்க் குழந்தைகளைச் சோதிக்கவேண்டும். ஆடியோமீட்டர் பெட்டி டிக்கியில் போகும். அந்தப் பக்கம் பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆகவே கார் ஓட்டத் தெரிந்திருக்கவேண்டும். மே கடைசிக்குள் லைசன்ஸைக் காட்டாவிட்டால் வெளியிலிருந்து வேறு ஆளைப் போடுவார்.

"உங்களுக்கென்ன கவலை, வீட்டிலேயே வாத்தியார் இருக்காரே" என்று சிரித்தார்.

ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவரின் மனைவிக்கு ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாது என்பதை எந்த முகத்தோடு சொல்வது? கல்யாணமான புதிதில் ஒரு தடவை முயற்சி செய்தோம். ஒன்றரைத் தெரு போனோம். அங்கே இறங்கி நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். அதோடு சரி.

எனக்கு இந்த வேலை வேண்டும். வெறும் ஆசை இல்லை, வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன். "நானே கத்துத் தரேன்" என்கிறார். கடவுளே.

மார்ச் 15, ஞாயிறு

பழகுநர் உரிமம் கைக்கு வந்தது. முதல் பாடம் முடிந்தது. இருவரும் ஒரே வண்டியில் வீடு திரும்பினோம் என்பதைப் பதிவு செய்கிறேன்.

வண்டிக்குள் ஏறியதும் அவர் வேறு மனிதராகிவிட்டார். வீட்டில் "இங்க பாரு, சாவி எங்க வச்சே" என்கிறவர், பெல்ட்டைப் போட்டவுடன், "இருக்கையைச் சரி பண்ணிக்கோங்க மேடம்" என்கிறார். மாணவர்களிடம் பேசிப் பேசி நாக்கு அப்படிப் பழகிவிட்டது. தலைக்குப் பின்னால் உள்ள திண்டு தலையின் உயரத்துக்கு வரவேண்டும் மேடம், கழுத்துக்கு வந்தால் பிரயோசனம் இல்லை மேடம். ஸ்டீயரிங்கை ஒட்டி உட்காராதீங்க மேடம், ஏர்பேக் வெடிச்சா நெஞ்சில அறையும் மேடம். பின் இருக்கையில் வண்டியின் கையேட்டை மடியில் விரித்துக்கொண்டு நீதிபதி ஒவ்வொன்றுக்கும் "சரிதான், போட்டிருக்கு" என்று சாட்சி சொன்னாள்.

ஒரு வேடிக்கை. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர்கள் சொதப்பினால் அவர் மிதித்து நிறுத்துவார். எங்கள் வண்டியில் அது ஏது? ஆனால் அவர் காலுக்கு அது தெரியவில்லை. முன்னால் ஒரு சைக்கிள் வந்தாலும் போதும், வலது கால் டொப் என்று காலடியில் விரித்த மேட்டின் மேல் இறங்குகிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினேன்.

மார்ச் 29, ஞாயிறு

இன்று முழுக்கச் சிரித்து வயிறு வலிக்கிறது.

காலையில் நல்ல மழை. ஸ்கூலின் பயிற்சி மைதானம் வழவழவென்று கிடந்தது. ஈரத்தில் பிரேக் போடுவதை இன்றைக்கே கற்றுக்கொடுத்துவிடுகிறேன் என்று வாத்தியார் அட்டைப்பெட்டிகளை வரிசையாக அடுக்கிவைத்தார். இத்தனை வருடமாக அவர் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: வழுக்கும் இடத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதே, விட்டு விட்டு மிதி. இல்லாவிட்டால் சக்கரம் இறுகி வண்டி சறுக்கிக்கொண்டு போகும்.

முதலில் அவர் ஓட்டிக் காட்டினார். விட்டு விட்டு மிதித்தார். பெட்டிகள் மேல் ஏறி அந்தப் பக்கம் போய் நின்றோம்.

"பெட்டியைக் கிட்டத்தில வச்சுட்டேன்" என்றார்.

நீதிபதி கையேட்டைப் பார்த்துவிட்டு, இந்த வண்டியில் ஏபிஎஸ் இருப்பதால் அழுத்தி மிதித்து அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும், விட்டு விட்டு மிதிக்கும் வேலையை வண்டியே நம் காலைவிட வேகமாகச் செய்துகொள்ளும் என்று அறிவித்தாள். வாத்தியார் காதில் விழாதது போல் இருந்தார். பெட்டிகளை மறுபடி நிமிர்த்தி வைத்து என்னை ஓட்டச் சொன்னார். நான் ஓங்கி மிதித்தேன். பெடல் கடகடவென்று என் காலை உதறியது. ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுக்கப் போனேன்.

"விடாதேம்மா, அப்படித்தான் உதறும்" என்றாள் பின்னாலிருந்து.

விடவில்லை. முதல் பெட்டிக்கு முன்னால் நின்றது.

வாத்தியார் இறங்கிப் போய்ப் பெட்டியையும் பார்த்தார், வண்டியின் மூக்கையும் பார்த்தார். பிறகு ஏறி அவரும் ஒரு தடவை அழுத்திப் பிடித்தார். என்னைவிடவும் முன்னாடியே நின்றது. சின்னப் பையன் மாதிரி இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று மைதானத்தைச் சேறாக்கினார். வளைந்துகொண்டே பிரேக் போட்டுப் பார்த்தார், வண்டி சொன்னபடி வளைந்தது. பெட்டிகள் நனைந்து கூழாகும்வரை வீட்டுக்கு வரவில்லை.

மார்ச் 30, திங்கள்

இன்று வகுப்பில் எல்லா மாணவர்களிடமும், "ஏபிஎஸ் இருக்கற வண்டின்னா நேத்து வரைக்கும் நான் சொன்னதை மறந்துடுங்க" என்று அறிவித்தாராம். இந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். அவரிடம் சொல்வதாக இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

நெடுஞ்சாலை. முதல் தடவை. கோட்டை ஒட்டிப் போனபோது ஸ்டீயரிங் தானாக இழுத்தது. வாத்தியார்தான் கையை வைத்துவிட்டார் என்று நினைத்து, "கையை எடுங்க" என்று கடிந்துகொண்டேன். அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். இண்டிகேட்டர் போட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினால் வண்டி ஒன்றும் சொல்வதில்லை, போடாமல் தாண்டினால்தான் பிடித்து இழுக்கிறது. ஒழுங்கு கற்றுக்கொடுக்க நல்ல மாமியார்.

நன்றாகவே ஓட்டுகிறேன். நானாகச் சொல்லவில்லை, வாத்தியார் பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அவர் கால் டொப் என்னும் அதே நொடி நானும் பிரேக்கை மிதித்துவிடுகிறேன். நீதிபதி சொல்கிறாள், "உங்களுக்குள்ள இவ்ளோ ஒத்துமையை நான் பாத்ததே இல்ல."

ஏப்ரல் 24, வெள்ளி

ஃபெயில்.

எழுதக்கூடக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். சொந்த வண்டியிலேயே தேர்வு கொடுக்கலாம் என்றார்கள். தேர்வு அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தார், வாத்தியாரை அவருக்குப் பல வருடப் பழக்கம். கிளம்பினேன், திரும்பினேன், ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினேன். எல்லாம் வெண்ணெய் மாதிரி. கடைசியில் மார்க்கெட் முனை. முன்னால் போன வேன் நின்றது. அதன் சிவப்பு விளக்கை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே போனேன்!

வண்டி வீலென்று கத்தித் தானே பிரேக் போட்டு நின்றது. பெல்ட் என் தோளைப் பிடித்து இழுத்தது. அதிகாரியின் பேனா எங்கேயோ பறந்தது.

அவர் கோபப்படவில்லை. குனிந்து பேனாவைத் தேடி எடுத்துவிட்டு, "வண்டி பாஸ் ஆயிடுச்சு மேடம். நீங்கதான் ஃபெயில்" என்றார்.

வெளியே வாத்தியார் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்து அதை மெதுவாக மடக்கினார்.

ஏப்ரல் 25, சனி

யாரோடயும் பேசப் பிடிக்கல. பாத்தேனே, அந்த வெளக்கப் பாத்தேனே, ஏன் மிதிக்கல? எனக்கு என்ன ஆச்சு? இனிமே அந்த வண்டியத் தொடமாட்டேன் — டாக்டரம்மாகிட்ட வேற ஆளைப் பாத்துக்கங்கன்னு சொல்லிடலாமா — வேண்டாம் — திங்கக்கிழமை சொல்லிக்கலாம்.

ஏப்ரல் 28, செவ்வாய்

நேற்றுச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

இன்று ஒரு சிறுமி வந்தாள். ஐந்து வயது இருக்கும். இரட்டைச் சடை. ஒலிபுகாத அறையில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினேன். 'பீப்' கேட்டால் பட்டனை அழுத்தவேண்டும், அவ்வளவுதான். வெளியிலிருந்து நான் ஒலியைக் குறைத்துக்கொண்டே போவேன். குழந்தை பிரமாதமாக அழுத்தியது. குறைத்தேன், அழுத்தியது. இன்னும் குறைத்தேன், அதற்கும் அழுத்தியது. எனக்குச் சந்தேகம் தட்டியது. கண்ணாடி வழியாகப் பார்த்தால், குழந்தையின் கண் என் தோள்மேல். நான் ஒவ்வொரு தடவை விசையைத் தொடும்போதும் என் தோள் லேசாக எழும்புகிறது போலிருக்கிறது. அது எழும்பினால் இவள் பட்டனை அழுத்துகிறாள். காதே தேவைப்படவில்லை.

எனக்கு இது புதிது அல்ல, கெட்டிக்காரக் குழந்தைகள் எல்லாம் செய்கிற வேலைதான். வழக்கம்போல நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மறுபடி எடுத்தேன். இப்போது உண்மை தெரிந்தது. இடது காதில் குறைபாடு இருக்கிறது, சரி செய்யக்கூடியதுதான். டாக்டரம்மாவிடம் அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சட்டென்று தலையில் குட்டு விழுந்தது போல் இருந்தது.

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டவே இல்லை. வாத்தியார் காலைக் கேட்டு ஓட்டியிருக்கிறேன். டொப் என்றால் மிதி. அன்றைக்கு வேன் நின்றது, விளக்கு எரிந்தது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நான் அந்த டொப்புக்காகக் காத்திருந்தேன். அதிகாரி காலை மடக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

தனி அறையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். ஓட்டத் தெரியாத குறை இல்லை. நாற்காலியைத் திருப்பாத குறை. இது எனக்குச் சரிசெய்யத் தெரிந்த விஷயம்.

ஏப்ரல் 29, புதன்

சாப்பாட்டு மேசையில் சொன்னேன். "நானா? நான் எங்க மிதிச்சேன்?" என்றார் வாத்தியார். வேண்டுமென்று மறைக்கவில்லை, அவருக்கே தெரியாது.

நீதிபதி எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள். பக்கத்து இருக்கையின் காலடி மேட்டை உருவிக்கொண்டு வந்து மேசைமேல், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். புத்தம் புது மேட். வலது பக்கம் ஓர் இடத்தில் மட்டும் குதிகால் அளவுக்கு வழுக்கையாகத் தேய்ந்திருந்தது.

வாத்தியார் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை அவரால். "உன்னை நான் ஒரு தடவைகூட ஒழுங்கா ஓட்ட விட்டதே இல்ல போல" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. வண்டியில் இல்லை, வீட்டில்தான் இருந்தோம். அதனால் மேடம் இல்லை.

தீர்ப்பு: சாப்பிடும் மேசையிலிருந்து மேட்டை உடனே எடுக்கவேண்டும்.

மே 3, ஞாயிறு

வாத்தியார் காலை அசைக்காமல் உட்காரப் பார்த்தார். முடியவில்லை. பின் இருக்கைக்குப் போனார். அங்கிருந்து என் முதுகில் உதை விழுந்தது.

என் தொழிலில் இதற்கும் வழி உண்டு. ஒரு காதைச் சோதிக்கும்போது, நல்ல காது உதவிக்கு ஓடி வந்துவிடாமல் அதில் இரைச்சலை விட்டு அடைத்துவிடுவோம். அதையே செய்தேன். முன்னிருக்கையில் அவர் காலடியில் மேட்டுக்குப் பதில் தடித்த ஸ்பாஞ்ச். ரேடியோவில் நிலையம் கிடைக்காத இடத்து இரைச்சல். முழங்கால் எழும்புவது ஓரக்கண்ணில் படாதபடி மடியில் ஒரு போர்வை. பெல்ட்டைப் போட்டபிறகுதான் போர்வை என்று நீதிபதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஊரே மதிக்கும் வாத்தியார், இந்த வெயிலில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரைச்சலைக் கேட்டபடி கடைத்தெரு வழியாகப் போனார். வழியில் ஒருவர் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல, இவங்களுக்குத்தான் வைத்தியம்" என்றார் வாத்தியார்.

முதல் முனையில் நான் வெகு தூரத்துக்கு முன்பே நின்றுவிட்டேன். பின்னால் ஹாரன் மழை. கண் இருந்தும் இருட்டில் தடவித் தடவிப் போவது போல் இருந்தது. ஆனால் நானே நின்றேன்.

மே 5, செவ்வாய்

மோசம். வண்டி பல தடவை கத்தியது.

மே 10, ஞாயிறு

ஒரு கட்டளை போட்டுக்கொண்டேன்: வண்டி கத்துவதற்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும். அது என் வாத்தியார் அல்ல, நான் தூங்கினால் எழுப்ப வைத்திருக்கும் ஆள். அவ்வளவுதான் அதற்கு மரியாதை.

இன்று பூங்காப் பக்கம் ஒரு பந்து உருண்டு வந்தது. பந்து வந்தால் பின்னால் குழந்தை வரும். மிதித்தேன், பிடித்தேன், நின்றேன். குழந்தையும் வந்தது, பந்தை எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனது. வண்டி மூச்சு விடவில்லை.

ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டேன், "நீங்க மிதிச்சீங்களா?"

வாத்தியார் போர்வையை விலக்கித் தன் காலையே பார்த்தார். "மறந்துட்டேன்" என்றார்.

மே 19, செவ்வாய்

பாஸ்.

அதே அதிகாரி, அதே மார்க்கெட் முனை. இந்தத் தடவை வேன் இல்லை, தள்ளுவண்டிக்காரர் சட்டென்று குறுக்கே திருப்பினார். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தபோதே என் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. அதிகாரி பேனாவை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்திருந்தார், பாவம். இறங்கும்போது, "இன்னைக்கு வண்டி சும்மாதான் இருந்துச்சு" என்றார்.

வெளியே வாத்தியார் முன்ஜாக்கிரதையாகக் கட்டைவிரலைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். நான் என்னுடையதைத் தூக்கிக் காட்டினேன். அவர் ஓடி வந்தார். நட்ட நடு ரோட்டில், அத்தனை மாணவர்களுக்கு முன்னால், என் தலையைப் பிடித்து உலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டாக்டரம்மா போனிலேயே, "சாவி செய்யக் கொடுத்துட்டேன்" என்றார்.

ஜூன் 1, திங்கள்

என் அறை. என் சாவி. டிக்கியில் ஆடியோமீட்டர், சுற்றிலும் தலையணை.

வண்டியில் என்னைத் தவிர யாரும் இல்லை. ரேடியோ இல்லை, மேடம் இல்லை, டொப் இல்லை. ஏரிக்கரை வளைவில் தூறல். ரோடு கறுப்பாக மின்னியது. வேகத்தைக் குறைத்து, கண்ணாடியைப் பார்த்து, வளைந்தேன். அந்த அமைதியில் பாட வேண்டும் போலிருந்தது, பாடினேன். என் பாட்டுக்கு வண்டி எச்சரிக்கை கொடுக்கவில்லை.

முதல் ஆள் ஒரு பெரியவர். பட்டனைக் கையில் கொடுத்ததும் என் தோளையே பார்த்தார். நாற்காலியைத் திருப்பினேன்.

ஜூன் 14, ஞாயிறு

மூவரும் கடலுக்குப் போய் வந்தோம். போகும்போது நான் ஓட்டினேன், வாத்தியார் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். இறங்கும்போது நீதிபதி எழுப்ப வேண்டியிருந்தது. அந்த மனிதர் ஒரு வண்டியின் முன்னிருக்கையில் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

திரும்பும்போது அவர் ஓட்டினார். நான் பக்கத்தில், மடியில் ஈரத் துண்டு, மனம் நிறைய வெயிலும் உப்புக் காற்றுமாக. ஸ்பாஞ்சை என்றைக்கோ எடுத்தாயிற்று, பழைய மேட்டே மறுபடி வந்துவிட்டது. டோல் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், வரிசையில் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தது.

டொப்.

பின்னாலிருந்து நீதிபதி மெதுவாக எட்டிப் பார்த்தாள். வாத்தியார் பெடலில் கால் வைத்தபடி, என் கால் சொன்ன இடத்திலேயே, லாரிக்கு நல்ல இடைவெளி விட்டு வண்டியை நிறுத்தினார்.

"சரிங்க மேடம்" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். என் குதிகால், மேட்டில் அவர் தேய்த்து வைத்த அந்த வழுக்கை இடத்தில் சரியாகப் பொருந்தியிருந்தது. வீடு வரும்வரை அங்கேயே வைத்திருந்தேன்.